கடல் கடந்த முரசுகள்

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில், லண்டன் மாநகரின் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனத்தில் தனிமனிதர் ஒருவரின் நூலகம் விற்பனைக்கு வந்தது. ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு தம் கைப்பட எழுதி நண்பர் ஒருவருக்கு வழங்கிய ‘தி கிரேட் கேட்ஸ்பி’ முதற்பதிப்புப் பிரதி இரண்டு லட்சம் பவுண்டுக்கும் மேல் விலைபோயிற்று. ஆர்தர் கோனன் டாயில், அகதா கிறிஸ்டி ஆகியோரின் முதற்பதிப்புகளும் வரிசையில் இருந்தன. இவற்றைத் தேடித்தேடிச் சேர்த்தவர் பேராசிரியரோ பிரபுவோ அல்லர். ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ ராக் இசைக்குழுவில் 1963 முதல் 2021-இல் மறையும்வரை டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸ்.

முதற்பதிப்புகளைத் தேடிய அதே மனிதர் இன்னொன்றையும் தேடிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் செய்யப்பட்ட பழைய டிரம் செட்டுகளே அவை. ட்யூக் எலிங்டனின் குழுவில் வாசித்த சானி கிரீர் போன்ற ஜாஸ் முன்னோடிகள் கையாண்ட கருவிகள் அவருடைய சேகரிப்பில் இடம்பெற்றிருந்தன. வாட்ஸ் ஆங்கிலேயர். ஒரு நாட்டின் தொழிற்சாலைகள் சரக்காகச் செய்து விற்ற பொருளை வேறொரு நாட்டவர் கடல் கடந்து தேடி, சுங்கம் கட்டி, கப்பலேற்றிக் கொணர்ந்து பொன்போல் காப்பது ஏன்? நாம் டிரம்ஸ் இசைக்கத் தெரிந்தவரல்லோம்; தமிழ் கற்பிப்பது நம் தொழில். ஆயினும் ஏடு தேடியோர் வரலாற்றைப் படித்துப் பழகிய கண்ணுக்கு இந்தச் சேகரிப்பாளர்களின் கதை முற்றிலும் அந்நியமாகத் தோன்றவில்லை. அக்கதையை இங்கே ஓரளவு விரித்துரைக்க முயல்கிறோம்.

* * *

டிரம் செட் என்பது பல கருவிகளின் கூட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இசைக்குழுக்களில் பெரிய முரசாகிய பேஸ் டிரம்மை ஒருவரும், ஸ்நேர் எனப்படும் சிறுபறையை ஒருவரும், வெண்கலத் தாளத் தட்டுகளை ஒருவருமாக நின்று வாசித்தனர். சிறிய அரங்குகளில் இடமும் கூலியும் குறுகியபோது அத்தனை வேலையும் ஒருவர் தலையில் விழுந்தது. கைக்கு எட்டாததைக் கால் செய்ய வேண்டியதாயிற்று. சிகாகோவில் வில்லியம் லட்விக் என்னும் டிரம் கலைஞர் விரைந்து மிதிக்கத்தக்க பெடல் ஒன்றை உருவாக்கி, 1909-இல் தம்பி தியோபால்டுடன் சேர்ந்து அதை விற்பதற்கென்றே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அமெரிக்க டிரம் தொழிலின் பெரும்பெயர்களுள் ஒன்றான ‘லட்விக்’ பிறந்தது இவ்வாறுதான்.

மௌனப்படங்களின் காலம் இத்தொழிலுக்கு வசந்தகாலமாக இருந்தது. திரைக்கு முன்னால் அமர்ந்து குதிரைக் குளம்பொலி முதல் இடியோசைவரை எழுப்பித் தர, திரையரங்குகளுக்கு ஒரு டிரம் கலைஞர் தேவைப்பட்டார். 1927-இல் படம் பேசத் தொடங்கியது. அவர்கள் வேலை இழந்தனர். அதைத் தொடர்ந்து 1929-இன் பொருளாதாரச் சரிவும் வந்தது. லட்விக் நிறுவனமும், இண்டியானாபொலிஸ் நகரின் லீடி நிறுவனமும் ‘கான்’ என்னும் பெரிய இசைக்கருவி நிறுவனத்தின் கைக்குச் சென்றன. சில ஆண்டுகளில் வெளியேறிய வில்லியம் லட்விக், 1937-இல் மீண்டும் சொந்தமாக டிரம் செய்யத் தொடங்கினார். ஆனால் தம் குடும்பப் பெயரைத் தாம் செய்த கருவியில் பொறிக்கும் உரிமை அவருக்கு இல்லை, அது விற்கப்பட்டுவிட்டது. தம் பெயரின் முதலெழுத்துகளான ‘டபிள்யூ.எஃப்.எல்.’ என்பதையே பொறித்தார். 1955-இல்தான் விலை கொடுத்துத் தம் பெயரை மீட்டார். இன்று ஒரு பழைய டிரம்மின் சின்னத் தகட்டில் ‘லட்விக்’ என்றிருக்கிறதா, ‘டபிள்யூ.எஃப்.எல்.’ என்றிருக்கிறதா என்று சேகரிப்பாளர் குனிந்து பார்ப்பதன் பின்னால் இந்த நீண்ட மனக்குறை இருக்கிறது.

சிகாகோவின் மற்றொரு நிறுவனமான ஸ்லிங்கர்லேண்டுக்கு ஜீன் க்ருபா வாய்த்தார். 1938 ஜனவரி 16 அன்று நியூயார்க் கார்னகி அரங்கில் பென்னி குட்மேன் குழு நிகழ்த்திய புகழ்பெற்ற கச்சேரியில் டிரம்ஸ் வாசித்தவர் அவரே. நீராவியில் வளைத்த ஒற்றை மேப்பிள் பலகையால் ஆன ‘ரேடியோ கிங்’ ஸ்நேர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் 1883-இல் ஜெர்மானியக் குடியேறி ஒருவர் தொடங்கிய கிரெட்ச் நிறுவனம், மேக்ஸ் ரோச், ஆர்ட் பிளேக்கி, எல்வின் ஜோன்ஸ், டோனி வில்லியம்ஸ் என நவீன ஜாஸ் மேதைகளின் கருவியாயிற்று. ஓஹையோ மாநிலத்தின் கவிங்டனில் ரோஜர்ஸ் கருவிகள் உருவாயின. மூன்றாம் பத்தாண்டு முதல் ஏழாம் பத்தாண்டுவரை இந்தச் சில ஊர்களில் செய்யப்பட்டவற்றையே ‘விண்டேஜ்’ என்று சேகரிப்பாளர்கள் பெரிதும் போற்றுகின்றனர்.

* * *

இக்கருவிகள் அமெரிக்கருக்கு அன்றாடப் பொருள்கள். அவற்றைக் கனவுப் பொருள்களாக்கியது தூரம். தூரம் என்று நாம் சொல்வது கடலை மட்டுமன்று, சட்டத்தையும் சேர்த்தே.

1935 முதல் இருபது ஆண்டுகளுக்குமேல், இருநாட்டு இசைக்கலைஞர் சங்கங்களுக்கிடையே நிலவிய பிணக்கினால், அமெரிக்க இசைக்குழுக்கள் பிரிட்டனில் வந்து வாசிப்பது ஏறத்தாழ இயலாததாக இருந்தது. 1956-இல் ஸ்டான் கென்டன் குழு லண்டனுக்கு வந்ததும், மாற்றாக டெட் ஹீத் குழு அமெரிக்கா சென்றதும் அன்று பெருநிகழ்வுகள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் டாலர் கையிருப்பைக் காக்கும்பொருட்டு அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதியையும் பிரிட்டன் கட்டுப்படுத்தியது. 1959-இல்தான் பிடி தளர்ந்தது. ஆக, ஒரு தலைமுறை ஆங்கிலேயருக்கு அமெரிக்க டிரம்ஸ் என்பது இசைத்தட்டில் கேட்கும் ஒலியாகவும் பத்திரிகையில் காணும் படமாகவும் மட்டுமே இருந்தது.

துணிந்தவர்கள் கப்பலேறினர். அட்லாண்டிக்கைக் கடக்கும் பயணிகள் கப்பல்களில் நடன இசை வாசிக்கும் வேலையை ஏற்று, நியூயார்க்கில் கப்பல் நிற்கும் ஓரிரு இரவுகளில் ஜாஸ் விடுதிகளுக்கு ஓடினர். இசைக்குழுத் தலைவர் ஜெரால்டோ வழியாகப் பலர் இவ்வேலையைப் பெற்றதால் ‘ஜெரால்டோவின் கடற்படை’ என்றே இவர்களுக்குப் பெயர் விழுந்தது. பின்னாளில் லண்டனில் புகழ்பெற்ற ஜாஸ் விடுதியை நிறுவிய ரானி ஸ்காட்டும் அவர்களில் ஒருவர். திரும்பும்போது இசைத்தட்டுகளையும் கருவிகளையும் சுமந்துவந்தனர். கடல் கடந்து அமெரிக்க இசைக்கருவி தேடும் மரபில் இவர்களே மூத்தோர் எனலாம்.

கப்பலேற இயலாத சிறுவர்கள் வேறுவழி கண்டனர். 1941-இல் பிறந்த சார்லி வாட்ஸ், தம்மிடமிருந்த பாஞ்சோவின் கழுத்தைக் கழற்றிவிட்டு, எஞ்சிய வட்டத்தோலை ஸ்நேராகப் பாவித்து வாசித்துப் பழகினார். சிக்கோ ஹாமில்டன் கம்பித் தூரிகையால் வருடி வாசித்த இசைத்தட்டு ஒன்றே அவருக்கு ஆசான். எட்டாத ஒன்றை இருப்பதைக் கொண்டு செய்துபார்த்த அந்தச் சிறுவன்தான், பிற்காலத்தில் செல்வம் சேர்ந்தபின், அந்த ஒலிகளை எழுப்பிய கருவிகளையே தேடிச் சென்றான்.

1963-இல் லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் ஐவர் ஆர்பிட்டர் நடத்திய ‘டிரம் சிட்டி’ கடைக்கு ரிங்கோ ஸ்டார் வந்தார். தம் பழைய ஆங்கிலேய ‘பிரீமியர்’ செட்டைக் கொடுத்துவிட்டு, கருஞ்சிப்பி நிற மேலுறை போர்த்திய லட்விக் செட் ஒன்றைப் பெற்றார். 1964 பிப்ரவரி 9 அன்று எட் சலிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் குழு வாசித்ததை 7 கோடியே 30 லட்சம் அமெரிக்கர் கண்டனர். பேஸ் டிரம்மின் முகத்தில், குழுவின் பெயருக்கு மேலே, ‘லட்விக்’ என்ற எழுத்து தெரிந்தது. சிகாகோ தொழிற்சாலை இரவுபகலாக இயங்கியும் தேவையை ஈடுசெய்யத் திணறியது. அமெரிக்கப் பொருளின் அருமையை அமெரிக்கருக்கு ஓர் ஆங்கிலேயர் எடுத்துக்காட்ட நேர்ந்தது. இன்றும், மரத்திலும் செய்நேர்த்தியிலும் எவ்வித வேறுபாடும் இல்லாத இரு லட்விக் செட்டுகளில், கருஞ்சிப்பி நிறத்துக்குத்தான் விலை அதிகம். அது நிறத்தின் விலை என்பதைவிட நினைவின் விலை என்பதே பொருந்தும்.

* * *

எழுச்சிக்குப் பின் வீழ்ச்சி விரைந்து வந்தது. 1966-இல் ரோஜர்ஸ் நிறுவனத்தை சி.பி.எஸ். வாங்கியது, 1967-இல் கிரெட்ச் பால்ட்வின் வசமாகி, டிரம் உற்பத்தி புரூக்ளினை விட்டு ஆர்கன்சாஸ் மாநிலத்துக்குப் போயிற்று, 1981-இல் லட்விக் கைமாற, 1984-இல் சிகாகோ டேமன் அவென்யூ தொழிற்சாலை மூடப்பட்டு வட கரோலினாவுக்கு இடம்பெயர்ந்தது. குடும்பங்கள் நடத்திய தொழில்கள் பெருநிறுவனங்களின் கணக்கேடுகளில் ஒரு வரியாகச் சுருங்கின.

இசையின் சுவையும் மாறிற்று. எழுபதுகளில் ஒலிப்பதிவுக் கூடங்கள் அடங்கிய, வறண்ட ஒலியை விரும்பின. டிரம்மின் அடித்தோலைக் கழற்றினர். பேஸ் டிரம்முக்குள் தலையணை திணித்தனர். புதிய கனத்த தாங்கிகளைப் பொருத்துவதற்காகப் பழைய மேப்பிள் கூடுகளில் துளையிட்டனர். பெர்ல், டாமா, யமஹா என ஜப்பானியக் கருவிகள் உறுதியாகவும் மலிவாகவும் வந்து குவிந்தன. 1980-இல் லின் எல்எம்-1 என்னும் தாள இயந்திரம் வந்தபின், உண்மை டிரம்மே தேவையா என்ற கேள்வியும் எழுந்தது. பழைய அமெரிக்க செட்டுகள் அடகுக்கடைகளிலும் வீட்டு நிலவறைகளிலும் தூசு படிந்து கிடந்தன.

இந்நிலையில்தான் வரலாற்றின் ஒரு நகைமுரண் நிகழ்ந்தது. தன் புதிய கருவிகளால் அமெரிக்கத் தொழிற்சாலைகளைத் தள்ளாடவைத்த ஜப்பான், அவற்றின் பழைய கருவிகளை விரும்பி வாங்கும் நாடாக மாறிற்று. போருக்குப் பின் இறக்குமதி இசைத்தட்டு எளியோர்க்கு எட்டாத விலையில் இருந்தபோது, ஜாஸ் காபிக்கடைகளில் ஒரு கோப்பை காபிக்கு மணிக்கணக்கில் அமர்ந்து, பேசாமல் இசை கேட்ட சமூகம் அது. ஒலியைப் பல்லாண்டு கேட்டறிந்தவர்களுக்குக் கருவியை வாங்கும் வசதி 1985-க்குப் பின் வாய்த்தது. அவ்வாண்டின் பிளாசா உடன்பாட்டையடுத்து, ஏறத்தாழ 240 யென்னாக இருந்த டாலரின் மதிப்பு இரண்டே ஆண்டுகளில் பாதியாகச் சரிந்தது. அமெரிக்காவில் கிடந்த பழைய கிதாரும் டிரம்மும் ஜப்பானியருக்குப் பாதி விலைக்கு வந்தன.

* * *

1995-இல் தோன்றிய இபே, தேடலைக் கடைத்தெருவிலிருந்து கணினித் திரைக்கு மாற்றியது. கருவியைத் தொட்டுப் பார்க்காமல், தட்டிக் கேட்காமல், நிழற்படத்தை மட்டும் நம்பிக் கண்டம் தாண்டிப் பணம் அனுப்ப வேண்டிய நிலையில், சேகரிப்பாளர் ஒரு பதிப்பாசிரியராக மாறவேண்டியதாயிற்று. சுவடியைக் கையிலெடுக்கும் பதிப்பாசிரியர் எழுத்தின் வடிவையும் ஏட்டின் பழமையையும் பார்ப்பதுபோல, இவர் டிரம்மின் உட்புறத்தைப் படம்பிடித்து அனுப்பச் சொல்கிறார். வெளிப்புறம் பொய் சொல்லும். உட்புறம் எளிதில் சொல்லாது.

அறுபதுகளின் லட்விக் கூடுகள் பல மேப்பிள், பாப்லர், மஹோகனி ஆகிய மூன்று மர அடுக்குகளால் ஆனவை. விளிம்புகளில் வலுவூட்டும் மேப்பிள் வளையம் உண்டு. உள்ளே சிவப்பு மையில் தேதி முத்திரை இருந்தால் அது கல்வெட்டுச் சான்று போன்றது. அதே காலத்துக் கிரெட்ச் கூட்டில் வலுவூட்டும் வளையம் இராது. உட்புறத்தில் வெள்ளிநிறப் பூச்சு இருக்கும். அதன் வட்டச் சின்னத் தகடு எழுபதுகளின் தொடக்கத்தில் எண்கோணமாக மாறியதால், தகட்டின் வடிவமே காலத்தைச் சொல்லிவிடும். லட்விக் தகடுகளில் 1963-64 வாக்கில் தொடர் எண்கள் தோன்றின. ஆனால் தொழிலாளி பெட்டியில் கைவிட்டு அகப்பட்ட தகட்டை எடுத்து அறைந்ததால் எண்வரிசையும் கால வரிசையும் ஒத்துப்போவதில்லை. எண்ணை மட்டும் நம்பியவர் ஏமாறுவார்.

இடைச்செருகலும் உண்டு. ஜாஸ் கலைஞர் சிறிய விடுதி மேடைகளுக்கு விரும்பிய 18 அங்குல பேஸ் டிரம்கள் அரியவை, விலை மிக்கவை. அதே அளவில் தரையில் கால்வைத்து நிற்கும் ஃப்ளோர் டாம் ஒன்றைப் படுக்கவைத்து, முள்கால்கள் பூட்டி, பேஸ் டிரம் என்று விற்பதுண்டு. கால்தாங்கிகள் இருந்த இடத்தில் அடைக்கப்பட்ட துளைகளே அந்தப் பொய்யைக் காட்டிக்கொடுக்கும். மங்கிய மேலுறையை உரித்துப் புதியது ஒட்டுவதும், குரோமிய முலாம் உதிர்ந்த இடத்தில் புதுமுலாம் பூசுவதும் வேறுவகைத் திருத்தங்கள். பழைய முத்துநிற மேலுறைகள் கற்பூரம் சேர்த்துச் செய்த செல்லுலாய்டால் ஆனவை. அவை சுருங்கும், ஒட்டுவாயில் வெடிக்கும், வெண்மை மெல்ல மஞ்சளாகும். அந்த மஞ்சளைக் குறையென்று கருதுவோர் ஒருசாரார். அதுவே சான்று என்று காப்போர் மற்றொரு சாரார். மூலபாடத்தைத் திருத்தலாமா, கண்டவாறே பதிப்பிக்கலாமா என்று நம் பதிப்புலகில் நடந்த வழக்கும் இதுவேயன்றோ?

* * *

இனி, இப்பொருளில் நம்மை மிகவும் உறுத்திய செய்திக்கு வருவோம். அது சரக்குக் கட்டணம்.

வானூர்தி வழியே பொதி அனுப்பும் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை; பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் பார்த்து, இரண்டில் எது மிகுதியோ அதற்குக் கட்டணம் வாங்குவது வழக்கம். 22 அங்குல பேஸ் டிரம்முக்கு 61, 61, 46 சென்டிமீட்டர் அளவில் ஒரு பெட்டி வேண்டுமெனக் கொள்வோம். கணக்கு 34 கிலோ என்று வரும். டிரம்மின் உண்மையான எடையோ பத்து கிலோவுக்குள்தான். ஏறத்தாழ இருபத்துநான்கு கிலோ வெற்றிடத்துக்குப் பணம் கட்ட வேண்டும். இதனால் அனுபவம் மிக்கோர் தோல்களைக் கழற்றி, 13 அங்குல டாமை 16 அங்குல டாமுக்குள்ளும், அதை 22 அங்குல பேஸ் டிரம்முக்குள்ளும், நம் வீட்டு அடுக்குப் பாத்திரங்களைப்போல, துணிசுற்றி வைத்து ஒரே பெட்டியாக அனுப்பச் சொல்கிறார்கள். பிரிட்டனில் பொருளின் விலை, கப்பற்கூலி, சுங்கம் ஆகிய மூன்றின் மேலும் 20 விழுக்காடு இறக்குமதி வரி விழும். நூறாண்டு கடந்த தொல்பொருளாயின் அது 5 விழுக்காடாகக் குறையும். 1924-இல் செய்த ஸ்நேருக்கு அந்தச் சலுகை உண்டு. 1964-இன் லட்விக் அரசின் கண்ணில் வெறும் பழைய சாமான்.

இவ்வாறு அடுக்கி அனுப்பப் பொறுமையில்லாத விற்பனையாளர் என்ன செய்கிறார்? செட்டைப் பிரிக்கிறார். ஸ்நேர் டோக்கியோவுக்கு, டாம் மான்செஸ்டருக்கு, சின்னத் தகடும் திருகுகளும் வளையங்களும் தனித்தனி உறைகளில் உலகெங்கும். சிறிய பொருளுக்குத் தபாற்கூலி குறைவு. பகுதிகளின் கூட்டுவிலை முழுமையின் விலையை விஞ்சிவிடுகிறது. பெரும்பெட்டி தேவைப்படும் பேஸ் டிரம் வாங்குவாரின்றிப் பிறந்த நாட்டிலேயே தங்கிவிடுகிறது. இவ்வாறு துணைபிரிந்தவற்றை ‘அனாதை’ என்றே சேகரிப்பாளர் அழைக்கின்றனர். ஒரே நாளில், ஒரே தொழிற்சாலையில், ஒரே மேலுறைச் சுருளிலிருந்து வெட்டிப் போர்த்தப்பட்டு, ஒரு கலைஞனின் கையில் நாற்பதாண்டு ஒருசேர ஒலித்த நான்கு டிரம்கள் இனி ஒருபோதும் ஓரிடத்தில் சேரா. காத்தவர்களும் அயல்நாட்டுச் சேகரிப்பாளர்கள்தாம். சிதறடிக்கும் சந்தையை வளர்த்தவர்களும் அவர்கள்தாம். ஓர் ஏட்டுக்கட்டை ஏலத்தில் இதழ் இதழாகப் பிரித்து விற்பதை நினைத்துப் பார்த்தால் இந்த வலி நமக்கு விளங்கும்.

ஊர் திரும்பியவையும் உண்டு. 2015 டிசம்பரில் ரிங்கோவின் அந்த 1963 லட்விக் செட் அமெரிக்க ஏலத்தில் 20 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோயிற்று. அதற்கு முந்தைய மாதம், எட் சலிவன் நிகழ்ச்சியில் கண்ட பேஸ் டிரம் முகத்தோலும் அதே அளவு விலைக்குப் போயிருந்தது. இரண்டையும் வாங்கியவர், 2025-இல் மறைந்த, இண்டியானாபொலிஸ் கால்பந்து அணியின் உரிமையாளர் ஜிம் இர்சே. சிகாகோவில் பிறந்து லண்டனில் விலைபோன செட், அரை நூற்றாண்டுக்குப் பின் ஓர் அமெரிக்கர் கைக்கு வந்தது. எவர் அதை முதலில் அரும்பொருளென்று கண்டாரோ அவரிடமிருந்து, அதை முதலில் சாதாரணமாகச் செய்தவர் நாட்டுக்கு.

யாருக்கு உரியவை இக்கருவிகள் என்னும் வழக்குக்கு நாம் தீர்ப்பு எழுதவில்லை. ஆனால் சார்லி வாட்ஸின் வாழ்வில் ஒரு விடை மறைந்திருப்பதாகத் தோன்றுகிறது. முன்னோடிகளின் கருவிகளைச் சேர்த்துவைத்த அவர், உலக மேடைகளில் பல பத்தாண்டுகள் வாசித்தது 1957-இல் செய்யப்பட்ட ஒரு கிரெட்ச் செட்டில். அது எவருடைய நினைவுச்சின்னமுமன்று. நாள்தோறும் அடிபட்டுத் தேய்ந்த உழைக்கும் கருவி. செட்டின் உறுப்புகள் பிரியாமல் இருந்தன. தோல் கிழிந்தால் மாற்றப்பட்டது. மரம் தொடர்ந்து ஒலித்தது. பாஞ்சோவின் கழுத்தைக் கழற்றிய சிறுவன் தேடியது அந்த ஒலியைத்தான். புரூக்ளினில் செய்தவருக்கும் லண்டனில் வாசித்தவருக்கும் இடையே இருந்த கடலை அந்த ஒலி கடந்துவிட்டது. நூலுக்கு வாசகன் எப்படியோ, முரசுக்கு அதை அடிக்கும் கை அப்படி.